80 கி.மீ. பந்தய வேகத்தையும் 160 கி.மீ. பந்தய வேகத்தையும் ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆரோவில் செம்மண் பாதைகளில் குதிரை ஏறப் பழகுகிறவர்களை என்டியூரன்ஸ் பந்தய முடிவுகள் எளிதில் குழப்பிவிடும். நெடுந்தூரத்தைப் பல சுற்றுகளாகப் பிரித்து ஓட்டுகிற குதிரைப் பந்தயம் இது. 80 கி.மீ. ஓடிய குதிரையின் சராசரி மணிக்கு 15 கி.மீ. என்றிருக்கும், 160 கி.மீ. ஓடிய குதிரைக்கு 20 என்றிருக்கும். 160 கி.மீ. என்பது புதுச்சேரியிலிருந்து ஈ.சி.ஆர். வழியாகச் சென்னை போகிற தூரம். தூரம் கூடினால் வேகம் குறையத்தானே வேண்டும்?

வேகத்தை மட்டும் வைத்து முடிவுகட்டுவது முதல் தவறு. குறைந்த தூரங்களில் ஓடுபவை பெரும்பாலும் புதுக் குதிரைகள். சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் விதிப்படி, ஆரம்பத் தகுதிப் போட்டிகளில் சராசரி மணிக்கு 16 கி.மீ.யைத் தாண்டக் கூடாது. விதிக்கு அடங்கி ஓட்டிய வேகத்தை வைத்துக் குதிரையின் திறமையை எடைபோட முடியாது.

அடுத்த தவறு, கடிகாரம் எப்போது ஓடுகிறது என்று பார்க்காமல் விடுவது. சர்வதேசப் போட்டிகளில் சுற்றுகளுக்கு இடையிலான கட்டாய ஓய்வு ஓட்ட நேரத்தில் சேராது. அமெரிக்காவின் டெவிஸ் கோப்பை என்கிற 160 கி.மீ. மலைப்பாதைக் குதிரைப் பந்தயத்திலோ 24 மணி நேரக் கெடுவுக்குள் இரண்டு ஒரு மணி நேர ஓய்வுகளும் அடக்கம்.

ஆனால் ஓய்வு தொடங்குவதற்கு முன்னால்தான் உண்மையான விஷயம் இருக்கிறது. சுற்றை முடித்து உள்ளே வந்ததும் கடிகாரம் நிற்காது. குதிரையின் இதயத்துடிப்பு இறங்கி, பொதுவாக நிமிடத்துக்கு 64க்குள் வந்து, கால்நடை மருத்துவரிடம் காட்டும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். 30 கி.மீ. சுற்றை ஒருவர் 100 நிமிடத்தில் முடிக்கிறார்; துடிப்பு இறங்க 12 நிமிடம். மொத்தம் 112, அதாவது மணிக்கு 16 கி.மீ. இன்னொருவர் நிதானமாக 105 நிமிடத்தில் வருகிறார். துடிப்பு இரண்டே நிமிடத்தில் இறங்குகிறது. அவருடைய வேகம் 16.8. பாதையில் பின்தங்கியவர்தான் முந்துகிறார்!

கடலூர், புதுச்சேரிக் கரையோரப் புழுக்கத்தில் இதை இன்னும் கவனிக்க வேண்டும். குதிரைக்கு வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும்; ஈரக்காற்றில் அது காயாது, துடிப்பும் மெதுவாகத்தான் இறங்கும். வறண்ட ஊரின் வேகத்தை இங்கே பிடிக்கப் பார்ப்பது குதிரைக்குச் செய்கிற அநியாயம்.

சுற்று வேகங்களைக் கூட்டி வகுப்பதும் தப்பு. 20 கி.மீ.யை மணிக்கு 20லும், அடுத்த 20ஐ மணிக்கு 10லும் ஓட்டினால் சராசரி 15 வராது. மூன்று மணி நேரத்தில் 40 கி.மீ., அதாவது 13.3தான்.

அப்புறம் தரை. வளைகுடா நாடுகளின் சமவெளிப் பாதைகளில் 160 கி.மீ.யை மணிக்கு 25 கி.மீ.க்கு மேலும் ஓடியிருக்கிறார்கள். அதே தூரத்துக்கு டெவிஸின் மலையேற்றத்தில் முதலிடம் பெறுபவரே விடியற்காலையில் கிளம்பி இரவில்தான் வந்து சேர்கிறார். நம் கடலூர் சில்வர் பீச்சில்கூட அலை நனைத்த கெட்டி மணலும் மேலே இருக்கிற பொதமணலும் ஒன்றல்ல. பொதமணலில் அதே வேகத்துக்குக் குதிரை கூடுதலாக உழைக்கிறது, காலின் தசைநாணும் அடிபடுகிறது.

முடித்த குதிரைகளை மட்டும் பார்ப்பதையும் விட்டுவிடுங்கள். நொண்டியதாலோ துடிப்பு இறங்காததாலோ மருத்துவர் நிறுத்திய குதிரைகளுக்கு இறுதிச் சராசரியே கிடையாது. 160 கி.மீ. பந்தயங்களில் பாதிக் குதிரைகள் முடிக்காமல் போவது சாதாரணம். பட்டியலில் மேலே இருக்கிற வேகத்தைப் படிப்பதற்கு முன், எத்தனை குதிரைகள் கிளம்பின, எத்தனை முடித்தன என்று எண்ணிப் பாருங்கள்.