பாரம் குறைந்த வேட்டைத் துவக்கும் அதற்கேற்ற தோட்டாவும்

யாழ்ப்பாணத்தில் உரிமமில்லாமல் துவக்குச் செய்வதும் வைத்திருப்பதும் குற்றம். 1916ஆம் ஆண்டின் சுடுகலன் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. ஆகவே இது கனடா போன்ற இடங்களில் உரிமம் எடுத்து வேட்டைக்குப் போகும் நம்மவர்களுக்கு.

முதலில் தோட்டாவைத் தீர்மானியுங்கள், துவக்கை அதன் பிறகு பாருங்கள். பலர் தலைகீழாகச் செய்து தோளை நோகடிக்கிறார்கள். அதே தோட்டாவை 3.6 கிலோத் துவக்கிலிருந்து 2.7 கிலோவுக்கு மாற்றினால் பின்னுதைப்பின் ஆற்றல் மூன்றிலொரு பங்கு கூடும். உதைக்குப் பயந்தவர் விசையை இழுக்கும்போதே கண்ணை மூடுவார், குறி தப்பும்.

மானுக்கு .243 வின்செஸ்டர் என்ற தோட்டா, 6.5 கிராம் ரவையோடு (பாய்ந்து போகும் குண்டு), தாராளம். கொஞ்சம் பெரிய விலங்கென்றால் 9 கிராம் ரவையோடு 7எம்எம்-08. இரண்டும் .308 தோட்டாவின் வெற்றுறையிலிருந்து (ரவையும் மருந்தும் இல்லாத கூடு) பிறந்தவை. அதனால் தோட்டாவை ஏற்றி வெற்றுறையை வெளித்தள்ளும் இயங்குபாகம் குட்டையாக இருந்தாலே போதும், அங்கேயே கொஞ்சம் பாரம் மிச்சம். மருந்து கூடிய மேக்னம் தோட்டா இதில் வேண்டவே வேண்டாம்.

பாரத்தைக் குழலிலும், அதைத் தாங்கித் தோளில் பதியும் கட்டையிலும் குறையுங்கள்: மெல்லிய 20 அங்குலக் குழல், கார்பன் நார்க் கட்டை. பெரிய தொலைநோக்கி பூட்டினால் குறைத்ததெல்லாம் திரும்பி வந்துவிடும். அதைக் கண்ணுக்கு நெருக்கமாகவும் பூட்டாதீர்கள், உதையில் புருவம் கிழியும்.

மெல்லிய குழல் சீக்கிரம் சூடேறும், சூடேற ரவைகள் சிதறி விழும். குறி சரிபார்க்கையில் மூன்று வெடிக்கு ஒருமுறை ஆறவிடுங்கள். ஆறிய பின்னும் சிதறினால், துவக்கை வெறுமையாக்கி, குழலுக்கும் கட்டைக்கும் இடையே ஒரு கடதாசித் துண்டை ஓட்டிப் பாருங்கள். சிக்குகிற இடத்தில் கட்டை குழலை முட்டுகிறது. உரிமமுள்ள துவக்குத் திருத்துனர் அதைச் சுரண்டிவிடுவார்.