மீல் மேக்கர் வயிற்றை உப்ப வைத்தபோது

சோயாவில் செய்யும் மீல் மேக்கர் சாப்பிட்டு வயிறு உப்பியது. பிழை அளவிலும் ஊறவைத்த விதத்திலும் இருந்தது. 100 கிராமை ஒரே வேளையில், ஊறிய தண்ணீரோடு குழம்பில் போட்டேன். சோயாவிலுள்ள ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் சர்க்கரைகள் சிறுகுடலில் செரிக்காது. பெருங்குடல் பாக்டீரியா அவற்றைப் புளிக்கவைப்பதால்தான் வாயு. இவை தண்ணீரில் கரைபவை, ஆகவே தண்ணீரைக் கொட்டினால் ஒரு பகுதி போய்விடும்.

இப்போது உலர் எடையில் 50 கிராம்தான். கொதிநீரில் உப்புப் போட்டு 10 நிமிடம் ஊறவைத்து, ஒட்டப் பிழிந்து, பச்சைத் தண்ணீரில் இருமுறை அலசி மறுபடி பிழிகிறேன். பிழிவதில் சோம்பல் கூடாது, பச்சை வாடையும் அதில்தான் போகும். இந்த 50 கிராமில் புரதம் சுமார் 26 கிராம். ஊறியபின் எடை போட்டால் கணக்கு தப்பும். தண்ணீரும் சேர்ந்து நிற்கும். சோயாவில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் (புரதத்தின் ஒரு கூறு) குறைவு, சோறு அதை ஈடுகட்டும். இரவு வேண்டாம், மதியமே நல்லது. வயிற்று உப்பல் நான்கே நாளில் நின்றது.