'சென்ட்-அப்' (send-up) என்றால் என்ன? எப்படி எழுதுவது?

ஆங்கிலப் பட விமர்சனங்களில் 'சென்ட்-அப்' என்று வந்தால், ஒன்றைப் போலவே செய்து அதைக் கிண்டலடிப்பது என்று பொருள். இப்படிக் கிண்டலடிக்கும் 'பரடி'க்கு (parody), குறிப்பாகப் பிரிட்டனில், பேச்சுவழக்கில் புழங்கும் சொல் இது. 1980இல் வந்த 'ஏர்பிளேன்!' விமான ஆபத்துப் படங்களை இப்படிக் கலாய்த்த படம். அதை 'எ சென்ட்-அப் ஆஃப் டிசாஸ்டர் மூவீஸ்' எனலாம்.

பெயர்ச்சொல்லாக வரும்போது நடுவில் சிறுகோடு போடுங்கள், பின்னால் 'ஆஃப்' சேருங்கள். வினைச்சொல்லாக வந்தால் கோடு கிடையாது. நிறையப் பேர் தடுமாறுவது இங்கேதான்: ஹிம், தெம் போன்ற சொற்கள் நடுவில்தான் வர வேண்டும். 'ஷி சென்ட்ஸ் ஹிம் அப்' சரி, 'ஷி சென்ட்ஸ் அப் ஹிம்' தவறு.

அமெரிக்கர்களிடம் பேசும்போது கொஞ்சம் கவனம். 'ஹி வாஸ் சென்ட் அப்' என்றால் அவனைச் சிறைக்கு அனுப்பிவிட்டார்கள் என்றும் அங்கே பொருள்படும். அவர்களிடம் 'ஸ்பூஃப்' என்றால் குழப்பமில்லை. தேர்விலோ ஆய்வுக் கட்டுரையிலோ இரண்டுமே வேண்டாம், 'பரடி' என்றே எழுதுங்கள். அப்புறம், மேடையில் தனியாக நின்று பேசும் ஸ்டாண்ட்-அப் காமெடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.