அரிய மரபணுக் கோளாறுள்ள குழந்தையின் பற்களைப் பேணுவது எப்படி?

அரிய மரபணுக் கோளாறுடன் பிறந்த குழந்தையை வளர்க்கும் பெற்றோருக்கு இதயம், சிறுநீரகம், எலும்பு, வலிப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக மருத்துவரைப் பார்க்கும் வேலை வந்துகொண்டே இருப்பதால், பல்லைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது இயல்பே. ஆயினும், மற்றொரு குழந்தைக்கு ஒரே அமர்வில் அடைத்துவிடக்கூடிய சிறு சொத்தைக்குக்கூட இந்தக் குழந்தைகளுக்கு முழு மயக்க மருந்தும், இதய மருத்துவரின் ஒப்புதலும், இரத்தக் கசிவைத் தடுக்கும் முன்னேற்பாடும் தேவைப்படலாம். ஆகவே சொத்தை வராமல் காப்பதையே இவர்களுக்கான முதன்மைச் சிகிச்சையாகக் கருத வேண்டும்.

முதல் பல் முளைத்தவுடன், எப்படியும் முதல் பிறந்தநாளுக்குள், குழந்தைகள் பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பல் முளைக்கவில்லை என்றாலும் காட்ட வேண்டும். பல் வராமலிருப்பதே சில கோளாறுகளின் அடையாளமாக இருக்கும். போகும்போது நோயின் பெயர், மருந்துகளும் அவற்றின் அளவும், ஒவ்வாமை, இதயக் குறை, இரத்தம் உறைவதில் சிக்கல், முன்பு மயக்க மருந்து கொடுத்தபோது நேர்ந்தவை ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். அரிய நோய்கள் 6,000-க்கும் மேற்பட்டவை என்பதால், உங்கள் குழந்தைக்கு உள்ளதை அந்த மருத்துவர் இதுவரை பார்த்திராமல் இருக்கலாம். அதை அவருடைய குறையாக எண்ண வேண்டாம்; கேட்டுத் தெரிந்துகொள்ள அக்கறை காட்டுகிறாரா என்பதையே பாருங்கள். சில வகை இதயக் குறைகளுக்கு மட்டும், ஈறில் இரத்தம் கசியக்கூடிய சிகிச்சைக்கு முன் ஆன்டிபயாடிக் தர வேண்டியிருக்கும். உங்கள் குழந்தைக்கு அது வேண்டுமா என்பதை இதய மருத்துவரிடம் முன்னதாகவே எழுதி வாங்கிவிடுங்கள்.

ஒவ்வொரு கோளாறும் வாயை ஒவ்வொரு விதமாகப் பாதிக்கிறது. தோல், முடி, பல், வியர்வைச் சுரப்பி ஆகியவை சரியாக உருவாகாத எக்டோடெர்மல் டிஸ்பிளேசியா உள்ள குழந்தைகளுக்குப் பல பற்கள் உருவாவதே இல்லை. முளைப்பவையும் கூம்பு வடிவில் இருக்கக்கூடும். இவர்களுக்கு 3 அல்லது 4 வயதிலேயே கழற்றி மாட்டும் பல்செட் பொருத்தி, தாடை வளர வளர அதை மாற்றித் தரலாம். வளர்ந்த பிறகு பார்க்கலாம் என்று யாரேனும் சொன்னால் அதை அப்படியே ஏற்காமல் மற்றொரு மருத்துவரின் கருத்தைக் கேளுங்கள். மெல்லவும், தெளிவாகப் பேசவும், கூச்சமின்றிச் சிரிக்கவும் அந்தப் பற்கள் குழந்தைப் பருவத்தில்தான் வேண்டும். எலும்பு எளிதில் முறியும் ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டா உள்ள சிலருக்குப் பல்லின் உள்பகுதி வலுவற்றிருப்பதால், பற்கள் நீலச் சாம்பல் அல்லது பழுப்பு மஞ்சள் நிறத்தில் தெரியும், எனாமல் பெயர்ந்து விரைவில் தேயும். கடைவாய்ப் பற்களுக்கு முன்னதாகவே உலோக உறை போடுவது பற்றிக் கேளுங்கள். எலும்புக்காக பிஸ்பாஸ்போனேட் மருந்து பெறும் குழந்தைக்குப் பல் பிடுங்குவதற்கு முன் அதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும்.

எலும்பும் பல்லும் போதிய வலுப் பெறாத ஹைப்போபாஸ்பட்டேசியாவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதைப் பெற்றோர் எளிதில் தவறவிடுகிறார்கள். பால் பல் வழக்கமாக ஏறத்தாழ 6 வயதில், வேர் கரைந்த பிறகே விழத் தொடங்கும். அடி எதுவும் படாமல் 5 வயதுக்கு முன்பே ஒரு பல் முழு வேரோடு விழுந்தால், அது இந்நோயின் அறிகுறியாக இருக்கலாம் என்பதால், அந்தப் பல்லைப் பத்திரப்படுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள்; இரத்தத்தில் அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதியின் அளவு வயதுக்கு உரியதைவிடக் குறைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இரத்தத்தில் பாஸ்பேட் குறைந்து எலும்பும் பல்லும் வலுவிழக்கும் எக்ஸ் குரோமோசோம் சார்ந்த ஹைப்போபாஸ்பட்டேமியாவில் சொத்தையே இல்லாத பல்லிலும் சீழ்க்கட்டி வரும் என்பதால், பல் வெளியில் நன்றாகத் தெரிந்தாலும் ஈறில் தோன்றும் சிறு கொப்புளத்தை அலட்சியப்படுத்தக் கூடாது.

இனி வீட்டில் பல் துலக்கும் முறை. மூன்று வயது வரை அரிசி மணியளவும், மூன்று முதல் ஆறு வயது வரை பட்டாணியளவும் ஃபுளோரைடு பற்பசை போதும். நாளுக்கு இருமுறை, அதில் ஒன்று தூங்கப் போகும் முன். துலக்குபவர் பெற்றோராகவே இருக்க வேண்டும், கை வலுக் குறைந்த குழந்தைக்குப் பல ஆண்டுகள் வரை. குழந்தையை மடியிலோ தலையணையிலோ சாய்த்து, பின்னாலிருந்து ஒரு கையால் தாடையைத் தாங்கிக்கொண்டு துலக்கினால் வாய்க்குள் நன்றாகத் தெரியும். விழுங்குவதில் சிரமமுள்ள குழந்தையை மட்டும் மல்லாத்தாமல், நிமிர்த்தி உட்காரவைத்து, தலையைச் சற்று முன்னே தாழ்த்தி, நுரை வராத பற்பசையை மிகக் குறைவாகப் பயன்படுத்தி, எச்சிலைத் துணியால் துடைத்துக்கொண்டே துலக்குங்கள். குழாய் வழியாக உணவு பெறும் குழந்தைக்குப் பல் துலக்கத் தேவையில்லை என்று எண்ணிவிடாதீர்கள். அவர்களுக்குப் பற்காரை அதிகம் படியும். வாயிலுள்ள கிருமிகள் மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நிமோனியா வரக்கூடும். லேசாக உரசினாலே தோல் கொப்புளிக்கும் எபிடெர்மோலைசிஸ் புல்லோசா உள்ள குழந்தைக்கு, மிகச் சிறிய தலையும் மிக மென்மையான இழைகளும் கொண்ட பிரஷ்ஷை எடுத்து, முதலில் உதட்டில் பெட்ரோலியம் ஜெல்லி தடவிவிட்டு, மெதுவாகத் துலக்க வேண்டும். வாயைத் தொடவே விடாத குழந்தையிடம் முதல் நாளே முழு வாயையும் துலக்க முயல வேண்டாம். கன்னம், உதடு, முன்பல் என்று நாள்கணக்கில் படிப்படியாகப் பழக்கினாலும் பலன் உண்டு.

தினமும் குடிக்கும் சிரப் மருந்துகளில் சர்க்கரை இருக்கும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. சர்க்கரையில்லாத வகை கிடைக்குமா என்று கேளுங்கள். இல்லையென்றால் துலக்குவதற்கு முன் மருந்தைக் கொடுத்துவிடுங்கள். ஃபீனைல்அலனின் என்ற புரதக்கூறை உடலால் சிதைக்க முடியாத ஃபீனைல்கீட்டோன்யூரியா உள்ளவர்களுக்கு மட்டும், அந்தச் சர்க்கரையில்லாத மருந்திலும் அந்தக் கூறு அடங்கிய அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பு கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வலிப்புக்கான ஃபெனிட்டாயின் ஈறைத் தடிக்கச் செய்யலாம். அதற்காக மருந்தை நீங்களாக நிறுத்திவிடாமல் நரம்பியல் மருத்துவரிடம் பேசுங்கள்.

பல் மருத்துவரிடம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை ஃபுளோரைடு வார்னிஷ் பூசிக்கொள்ளலாம். சொத்தை தொடங்கிவிட்டாலும் உடனே முழு மயக்கம்தான் வழி என்றில்லை. சில்வர் டயமைன் ஃபுளோரைடு என்ற திரவத்தைத் தடவினால், பெரும்பாலும் இயந்திரத்தால் குடையாமலேயே சொத்தை பரவுவதை நிறுத்த முடியும். சொத்தையான இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும் என்பதை மட்டும் ஏற்க வேண்டும். முழு மயக்கம் தவிர்க்க முடியாததானால், அதே நேரத்தில் வேறு துறையினர் செய்யவேண்டிய பரிசோதனையோ சிறு அறுவையோ இருந்தால் சேர்த்துச் செய்ய முடியுமா என்று கேளுங்கள். சிலவகைச் சர்க்கரைச் சேர்மங்கள் சிதையாமல் உடலில் தேங்கும் மியூகோபாலிசாக்கரைடோசிஸ் உள்ள குழந்தைகளுக்கு மூச்சுப்பாதை குறுகியும் கழுத்தெலும்பு உறுதியற்றும் இருக்கக்கூடும் என்பதால், இத்தகையோருக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழக்கமுள்ள மருத்துவர் இருக்கும் பெரிய மருத்துவமனையில் அல்லாமல் வேறெங்கும் இதற்கு ஒப்புக்கொள்ள வேண்டாம்.

வலியைச் சொல்லத் தெரியாத குழந்தை அதை நடத்தையால் காட்டும். விரும்பி உண்டதை மறுப்பது, ஒரு பக்கமாகவே மெல்லுவது, கன்னத்தில் அடித்துக்கொள்வது, இரவில் விழித்து அழுவது ஆகியவை புதிதாகத் தொடங்கினால், அதை நோயின் இயல்பு என்று முடிவுகட்டுவதற்கு முன் வாயைப் பார்க்கச் சொல்லுங்கள். கன்னமோ தாடையின் அடிப்பகுதியோ வீங்கி, அதனுடன் காய்ச்சலோ, விழுங்க முடியாமையோ, மூச்சுத்திணறலோ சேர்ந்துகொண்டால் மறுநாள் காலை வரை காத்திராமல் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.