ரீஃப் தொட்டியில் இறால், நத்தை, நண்டு: எது எதோடு சேரும்?

ரீஃப் தொட்டி என்றால், மென்பவளங்களோடு (கல் கூடு இல்லாத பவளங்கள்) கடல் உயிர்களை வளர்க்கும் உப்புநீர்த் தொட்டி. சென்னை கொளத்தூர் வளர்ப்பு மீன் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் சாதுவாக நிற்கும் இறாலோ நண்டோ, வீட்டுத் தொட்டிக்கு வந்ததும் பக்கத்தில் இருப்பதைத் தின்னத் தொடங்கலாம். இல்லையென்றால் தீனி இல்லாமல் ஒரே மாதத்தில் செத்துப்போகலாம். அதனால் காசைக் கொடுக்கும் முன் மூன்று விஷயம் பாருங்கள்: இது எதைத் தின்னும், இதை எது தின்னும், இதற்கான தீனி நம் தொட்டியில் இப்போது இருக்கிறதா.

முதலில் சட்டம். கல் பவளங்கள், கடல் விசிறி, கடல் அட்டை ஆகியவை 2001 முதல் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. பிடிப்பது, விற்பது, வைத்திருப்பது எல்லாமே குற்றம். யார் விற்றாலும் வாங்காதீர்கள். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் வலையில் வந்த சங்கு, நத்தையைக் கையில் எடுத்துவந்து தொட்டியில் விடுவதும் வேண்டாம். கூம்பு வடிவச் சங்குகளின் கொடுக்கில் ஆளைக் கொல்லும் விஷம் உண்டு.

அடுத்து தண்ணீர். போர் தண்ணீரில் உப்பைக் கரைக்கக் கூடாது. துறைமுகத்துக் கடல்நீரும் ஆகாது. எண்ணூர்ப் பக்கம் 2017-லும் 2023-லும் எண்ணெய் கொட்டியது நினைவிருக்கும். டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) பூஜ்யம் காட்டும் ஆர்.ஓ.டி.ஐ. நீரில் (வடிகட்டி எல்லாக் கரைசலும் நீக்கிய நீர்) ரீஃப் உப்பைக் கரைத்து, அடர்த்தி 1.025-க்குக் கொண்டுவாருங்கள். சூடு 25-26 டிகிரி. சென்னையில் ஹீட்டருக்கு அநேகமாக வேலையே இல்லை. மே மாதத்துக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர்தான் வேண்டும். மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும், ஆனால் தண்ணீர் ஆவியாகி உப்பு ஏறும். குறைந்த அளவுக்குத் தினமும் உப்பில்லாத ஆர்.ஓ.டி.ஐ. நீரையே ஊற்றுங்கள். உப்பு ஏறி இறங்கினால் முதலில் சாவது இறாலும் நட்சத்திர மீனும்தான். மின்வெட்டுக்கு ஒரு பேட்டரி ஏர் பம்ப் கையில் இருக்கட்டும்.

மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டியில், கல்லும் மணலும் போக, சுமார் 150 லிட்டர் நீர் நிற்கும். கழிவிலிருந்து வரும் நச்சான அமோனியா பூஜ்யமாகி, கண்ணாடியில் பாசி படிந்த பிறகே நத்தைகளை விடுங்கள். ட்ரோக்கஸ் ஐந்தாறு, மணலைக் கிளற நசாரியஸ் நான்கு போதும். கடைக்காரர் "லிட்டருக்கு ஒன்று" என்றால் கேட்காதீர்கள். பாசி தீர்ந்ததும் அவை ஒவ்வொன்றாகச் செத்து, அழுகி, அமோனியாவை ஏற்றிவிடும். டர்போ நத்தை நன்றாக மேயும், ஆனால் ஒட்டாமல் வைத்த மென்பவளத் துண்டுகளைத் தள்ளி உருட்டிவிடும். ட்ரோக்கஸ் மல்லாந்தாலும் தானே நிமிர்ந்துகொள்ளும் என்பதால் நாங்கள் அதையே முதலில் சொல்வோம்.

காலிச் சங்கில் குடியிருக்கும் ஹெர்மிட் நண்டு வேண்டுமென்றால் சின்ன வகை மூன்று நான்கு. ஒவ்வொன்றுக்கும் இப்போதிருப்பதைவிடச் சற்றுப் பெரிய காலிச் சங்கு குறைந்தது இரண்டு போடுங்கள். வாய் வட்டமாக இருக்க வேண்டும். சோழி மாதிரி பிளவு வாய் உதவாது. வார்னிஷ் பூசிய அலங்காரச் சங்கும் கூடாது. மாற்றிக்கொள்ளச் சங்கு கிடைக்காத ஹெர்மிட், உயிரோடிருக்கும் நத்தையைக் கொன்று அதன் ஓட்டில் குடியேறும்.

இறாலில்தான் அதிகம் ஏமாறுவோம். கிளீனர் இறால் இரண்டு சேர்ந்து நிம்மதியாக இருக்கும். அதோடு பாக்ஸர் இறாலைச் சேர்க்காதீர்கள்: சிவப்பு வெள்ளைப் பட்டையும் நீளமான கிடுக்கிக் கால்களும் உள்ள அது மற்ற இறாலைத் தாக்கும், ஜோடி இல்லையென்றால் தன் இனத்தோடும் சண்டை போடும். ஐப்டேசியா எனும் களை அனிமோனைத் (அனிமோன் என்பது பூப்போல விரிந்து கல்லில் ஒட்டும் கடல் உயிர்) தின்னப் பெப்பர்மின்ட் இறால் வாங்குவோர், பெரும்பாலும் ஒட்டக இறாலோடு திரும்புகிறார்கள். உற்றுப் பாருங்கள்: பெப்பர்மின்டின் உடல் கண்ணாடி மாதிரி, அதில் மெல்லிய சிவப்புக் கோடுகள் மட்டும். ஒட்டக இறாலுக்குச் சிவப்போடு வெள்ளைக் கோடும் புள்ளியும், துருத்திய பெரிய கண்ணும், கூன் முதுகும் இருக்கும். அது மஷ்ரூம், சோவாந்திட் எனும் பவளவகை உயிர்களைக் கொத்தித் தின்றுவிடும்.

இறால் வைப்பதென்றால் ஹாக்ஃபிஷ், லயன்ஃபிஷ், ட்ரிகர், பேத்தை மீன் எதுவும் உள்ளே வரக் கூடாது. கிளௌன் மீன் பிரச்சினையில்லை.

நட்சத்திர மீன்களில் நீல லின்கியா புதுத் தொட்டியில் பட்டினியால் மெல்லக் கரைந்து போகும். சாக்லேட் சிப் மென்பவளத்தைத் தின்னும். பச்சை பிரிட்டில் ஸ்டார் இரவில் மீனைப் பிடிக்கும். மற்ற பிரிட்டில் ஸ்டார்களில் ஒன்று போதும். அனிமோனை ஆறு மாதமாவது ஓடிய தொட்டியில் மட்டும், நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கர் மோட்டாருக்கு வலைக்கூண்டோ ஸ்பாஞ்சோ மாட்டிய பிறகு விடுங்கள்; நகர்ந்து போய் அதில் சிக்கினால் முழுத் தொட்டியும் கெடும். பளிச்சென்ற மஞ்சளிலும் ரோஸிலும் இருக்கும் அனிமோன்கள் பெரும்பாலும் சாயமேற்றியவை. சோவாந்திட் ஒட்டிய கல்லைத் தேய்க்கவோ கொதிக்க வைக்கவோ கூடாது. அதிலுள்ள பாலிடாக்ஸின் எனும் நச்சு நம் உயிருக்கே ஆபத்து.

கடையில் பார்க்க வேண்டியவை: இறாலின் மீசைகள் முழுசாக இருக்கின்றனவா, நத்தை கண்ணாடியைப் பற்றியிருக்கிறதா, நட்சத்திர மீனின் அடிக்கால்கள் அசைகின்றனவா, உடலில் வெள்ளைத் திட்டு இல்லையா. வெயில் தாழ்ந்த பிறகு தெர்மகோல் பெட்டியில் கொண்டுவாருங்கள். கடைத் தண்ணீரில் மீனுக்குப் போட்ட மருந்தின் தாமிரம் இருக்கலாம். அதைத் தொட்டியில் ஊற்றவே கூடாது. மெல்லிய குழாயில் விநாடிக்கு இரண்டு மூன்று சொட்டாக நம் தண்ணீரை விட்டுப் பழக்குங்கள்: நத்தைக்கு அரை மணி, இறாலுக்கு ஒரு மணி, நட்சத்திர மீனுக்கு இரண்டு மூன்று மணி. நட்சத்திர மீனைக் காற்றில் தூக்காமல், கிண்ணத்தில் நீரோடு மொண்டு மாற்றுங்கள்.

சில நாளில் இறால் செத்துக் கிடப்பதுபோல் வெற்று ஓடு மிதக்கும். அது சட்டை உரித்தது, எடுத்துப் போட வேண்டாம். உடல் கெட்டியாகும்வரை இறால் கல்லிடுக்கில் ஒளிந்திருக்கும், தேடிக் கலைக்காதீர்கள். மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் அந்த மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி அங்கே மருந்து கொடுங்கள். தாமிர மருந்து கலந்த தொட்டியில் நத்தையும் இறாலும் பிழைக்காது.