படி எங்கே இருக்கிறது என்று வாசலிலேயே சொல்லுங்கள்: தாவரத் தோட்டத்துக்கு எல்லாருக்குமான வரைபடம்

பெரியம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்து ஒரு தாவரத் தோட்டத்துக்குக் கூட்டிப்போயிருந்தோம். வாசல் பலகையில் அழகான வரைபடம். அதை நம்பிப் பெரணிக்குடில் வரை தள்ளிக்கொண்டு போனால், எதிரே நாலு படி. வரைபடத்தில் அந்த இடத்தில் பட்டாம்பூச்சிப் படம்தான் இருந்தது. “நீங்க பாத்துட்டு வாங்க, நான் இங்கயே இருக்கேன்” என்றார் பெரியம்மா.

பிறகு பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு சின்ன மூலிகைத் தோட்டத்துக்கு நாங்களே வரைபடம் செய்தோம். அதை வைத்துத்தான் இந்தச் செய்முறை.

முதல் வேலை நடப்பது. இப்போதே வரைய உட்கார வேண்டாம். டேப், நோட்டு, கொத்தனாரிடம் கேட்டு வாங்கிய டியூப் லெவல் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்), இவை போதும். பாதையின் அகலத்தை மிகக் குறுகலான இடத்தில் அளந்து பாருங்கள். ஒரு சக்கர நாற்காலி போக 90 செ.மீ. வேண்டும், இரண்டு எதிரெதிரே கடக்க 180 செ.மீ. சரிவுக்குக் கணக்கு 1-க்கு 12: ஓர் அடி ஏற 12 அடி நீளம். எங்கள் தோட்டத்தில் கிணற்றடிச் சரிவு 2 அடி ஏறியது, நீளமோ 14 அடிதான். 24 அடி இருந்திருக்க வேண்டும். ‘செங்குத்துச் சரிவு, துணை தேவை’ என்று அப்படியே எழுதினோம். நிழல், பெஞ்சு, கழிப்பறை, குடிநீர், மழையில் பாசி பிடித்து வழுக்கும் இடம் எல்லாம் நோட்டில் ஏறட்டும்.

அடுத்து வரைதல். பலகை முன்னால் நிற்பவருக்கு எதிரே தெரிவது படத்தின் மேல்பக்கம் வரவேண்டும். வடக்கு எங்கே இருந்தாலும் பரவாயில்லை. பாதைகளை நிறத்தால் மட்டும் பிரிக்காதீர்கள். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்கள் நம்மிடையே நிறையப் பேர். சமதளத்துக்குத் தடித்த கோடு, சரிவுக்குப் புள்ளிக்கோடு, படிக்கு ஏணிக்கோடு. முடித்ததும் கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுங்கள். அதிலும் வழி புரிந்தால் சரி.

எழுத்தின் அளவு 18 புள்ளிக்குக் (பாயிண்ட்) குறையக்கூடாது. பளபளக்கும் லேமினேஷன் வேண்டாம், பாலக்காட்டு வெயிலில் கண் கூசும். இங்கே தமிழும் மலையாளமும் பக்கத்துப் பக்கத்தில் வேண்டும்: வில்வம் மலையாளத்தில் கூவளம், கொன்றை அதில் கொன்ன.

தொட்டறியும் வரைபடம் செய்யத் தயங்கவே வேண்டாம். கெட்டி அட்டையில் பாதைக்குச் சணல் கயிறு, படிக்குத் தீக்குச்சிகள், குளத்துக்கு உப்புத்தாள். ஒவ்வொன்றுக்கும் நடுவே விரல் பிரித்துணர இடம் விடுங்கள். நெருக்கினால் எல்லாம் ஒரே மேடாகிவிடும். செடிப்பெயர் போலச் சிறு சொற்களை மட்டும் பிரெயிலில் (விரலால் தடவிப் படிக்கும் புள்ளியெழுத்து) போடுங்கள். இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயிலில் ஒரே ஒலிக்குப் பெரும்பாலும் ஒரே புள்ளிகள் என்பதால், தமிழில் படித்தவர் மலையாளப் பெயரையும் எழுத்துக்கூட்டிவிடுவார்.

அச்சடிக்கும் முன் சோதனை. பார்வையற்ற தம்பி ஒருவர் எங்கள் அட்டையை இரண்டு முறை தடவிவிட்டு, “தண்ணி விழுற சத்தம் கேக்குதே, அது இதுல எங்கண்ணா?” என்று கேட்டார். தொட்டிக் குழாயை நாங்கள் குறிக்கவே இல்லை. அன்று மாலையே அந்த இடத்தில் ஒரு சட்டைப் பொத்தானை ஒட்டினோம்.