ஜீரோ காட்டுகிறது என்பதற்காக வாயு இல்லை என்று நம்பாதீர்கள்: அம்மோனியா டிரான்ஸ்மிட்டரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தூத்துக்குடிப் பக்கம் ஓர் ஐஸ் ஃபேக்டரி. கம்ப்ரசர் அறைக்குள் கால் வைத்ததுமே எனக்குக் கண் கரித்தது. குளிரூட்டப் பயன்படும் அம்மோனியா கசிகிறதா என்று அளந்து பேனலுக்குச் சொல்லும் டிரான்ஸ்மிட்டர் சுவரில் இருந்தது. அதுவோ 0 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் எத்தனை பங்கு வாயு என்ற அளவு) காட்டியது. ஆபரேட்டர் அண்ணனிடம் கேட்டேன். "போன மாசம்தான் தம்பி கேலிப்ரேஷன் பண்ணாங்க. அதுக்கு முன்னாடி எப்பப் பார்த்தாலும் பத்து, பன்னெண்டுன்னு காட்டிக்கிட்டே கெடந்துச்சு" என்றார்.

அந்தப் பன்னிரண்டு பொய்யில்லை. அறையில் உண்மையிலேயே அவ்வளவு வாயு இருந்திருக்கிறது. வந்தவர் கருவிதான் தப்பாகக் காட்டுகிறது என்று நினைத்து, அந்த அறைக் காற்றிலேயே ஜீரோ செட் செய்துவிட்டுப் போயிருக்கிறார். 12 பிபிஎம் இருக்கும் காற்றை "இதுதான் சுத்தம்" என்று கருவிக்குச் சொல்லிவிட்டால், 30 பிபிஎம் வரும்போது அது 18 என்றுதான் காட்டும். அலாரம் 25-இல் இருக்கிறது; அபாயச் சங்கான ஹூட்டர் வாயே திறக்காது. நம் நாட்டுச் சட்டப்படி எட்டு மணி நேர வேலைக்கு அம்மோனியாவின் வரம்பு 25 பிபிஎம், 15 நிமிடத்துக்கு 35. உயிருக்கு உடனடி ஆபத்து என்று கொள்ளப்படும் அளவு 300. இந்தக் கணக்கில் 12 பிபிஎம் பிசகு சின்ன விஷயமில்லை. ஜீரோ செட் செய்ய சிலிண்டரில் வரும் ஜீரோ ஏர், அதாவது அம்மோனியா கலக்காத சுத்தக் காற்றுதான் வேண்டும். அறைக் காற்றை நம்பவே கூடாது. மூக்கையும் நம்பக் கூடாது, ஏனென்றால் அங்கேயே வேலை செய்பவர்களுக்கு அந்த வாடை பழகிப்போயிருக்கும்.

இதைவிடப் பயப்பட வேண்டியது, செத்துப்போன சென்சார். அம்மோனியாவுக்குப் பெரும்பாலும் எலெக்ட்ரோகெமிக்கல் சென்சார் போடுகிறோம். வாயு பட்டால் அது சிறிய மின்னோட்டம் தரும். வாயு இல்லையென்றால் தராது. உள்ளே இருக்கும் எலெக்ட்ரோலைட் தீர்ந்துபோனாலும் தராது. டிரான்ஸ்மிட்டர் பேனலுக்கு அனுப்பும் சிக்னல் 4 முதல் 20 மில்லிஆம்பியர் வரை; 4 என்றால் ஜீரோ, 20 என்றால் முழு ரேஞ்ச். அதாவது சுத்தமான காற்றுக்கும் 4 மில்லிஆம்பியர், செத்த சென்சாருக்கும் அதே 4 மில்லிஆம்பியர். கேபிள் அறுந்தால் பேனலில் ஃபால்ட் வரும், சென்சார் செத்தால் பல மாடல்களில் ஒன்றும் வராது. தினமும் கொஞ்சம் கொஞ்சம் கசிவு இருக்கும் அறையில் அம்மோனியா சென்சார் இன்னும் சீக்கிரம் தீரும். வாயுவைக் காட்டிப் பார்ப்பதைத் தவிர இதைக் கண்டுபிடிக்க நம்பகமான வழி கிடையாது.

அதற்காக அம்மோனியா திரவ பாட்டிலைத் திறந்து சென்சார் முன்னால் நீட்டாதீர்கள். பல இடங்களில் இதைத்தான் "டெஸ்ட்" என்கிறார்கள். ரேஞ்சைத் தாண்டி எவ்வளவோ வாயு ஏறி, சென்சார் பழைய நிலைக்கு வரவே வெகு நேரம் ஆகும். அதன் ஆயுளும் குறையும். ஊசி மேலே போனது என்பது தெரியும், 25 பிபிஎம்மைச் சரியாகப் படிக்கிறதா என்பது தெரியாது. எல்பிஜி டிடெக்டரில் சிகரெட் லைட்டரை அழுத்திப் பார்ப்பதும் இதே தவறுதான்.

ஸ்பான் பார்க்க, அதாவது வாயு கொடுத்து ரீடிங் சரியா என்று பார்த்துத் திருத்த, 50 பிபிஎம் போல அளவு தெரிந்த சிலிண்டர் வேண்டும். அதன் மேல் இருக்கும் காலாவதித் தேதியை முதலில் பாருங்கள். ஃப்ளோ எவ்வளவு என்று மேனுவலில் இருக்கும். பல மாடல்களுக்கு நிமிடத்துக்கு அரை லிட்டர். அம்மோனியா ஈரத்திலும் ரப்பர் குழாயிலும் ஒட்டிக்கொள்ளும் குணமுடையது. டெஃப்லான் குழாயைக் குட்டையாக வெட்டி, உலர்ந்ததாகப் பயன்படுத்துங்கள். ரீடிங் ஏறிக்கொண்டிருக்கும்போதே அவசரப்பட்டு ஸ்பானை அழுத்திவிட்டால், அதற்கப்புறம் கருவி எப்போதும் கூட்டியே காட்டும். கூட்டிக் காட்டும் கருவியின் ஹூட்டர் ஒயரை ஆபரேட்டர் ஒருநாள் பிடுங்கிவிடுவார்.

பொருத்தும் இடம் பற்றிப் பாதி உண்மையே புழக்கத்தில் இருக்கிறது. அம்மோனியா காற்றைவிட லேசானது, அடர்த்தி ஏறக்குறைய 0.6 மடங்கு, ஆகவே கூரையருகே பொருத்து என்பார்கள். வாயுவாகக் கசிந்தால் அது சரி. திரவ அம்மோனியா தேங்கும் தொட்டியான ரிசீவர் பக்கம் திரவமாகப் பீறிட்டால், குளிர்ந்த வெண்புகையாகத் தரையோடு தரையாக ஓடும். அங்கே மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு வைப்பதே சரி. ஃபேன் காற்று நேராக அடிக்கும் இடம் வேண்டாம். சென்சார் முகம் கீழ் நோக்கி இருக்கட்டும். பெயின்டர் வந்து போனால், சென்சார் வாயிலிருக்கும் வடிகட்டித் தகட்டின் மேலும் பெயின்ட் அடித்திருக்கிறாரா என்று உடனே போய்ப் பாருங்கள்.

பேனலில் நடக்கும் தவறு கண்ணுக்கே தெரியாது. டிரான்ஸ்மிட்டர் ரேஞ்ச் 0–300, அந்த சிக்னலைப் படித்து அலாரம் கொடுக்கும் பேனல் கணினியான பிஎல்சியில் யாரோ 0–100 என்று போட்டிருக்கிறார் என்று வையுங்கள். உண்மையில் 25 பிபிஎம் வந்தால் சிக்னல் லூப்பில் 5.33 மில்லிஆம்பியர் ஓடும். பிஎல்சி அதை 8 பிபிஎம் சொச்சம் என்று படிக்கும். அலாரம் அடிக்கும்போது அறையில் 75 இருக்கும். ஆகவே வாயு காட்டும்போது டிரான்ஸ்மிட்டர் டிஸ்ப்ளேயை மட்டும் பார்க்காமல், கண்ட்ரோல் ரூமில் ஓர் ஆளை நிறுத்தி அங்கே என்ன எண் வருகிறது என்று போனில் கேளுங்கள்.

வயரிங்கில் மூன்றைச் சொல்லிவிடுகிறேன். ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். மோட்டார் கேபிளோடு ஒரே ட்ரேயில் இழுக்காதீர்கள். கடலோர ஊரில் கேபிள் கிளாண்ட் லூசாக இருந்தால் ஒரே மழைக்காலத்தில் டெர்மினல் பச்சை பிடித்துவிடும். அலாரம் ரிலே எப்போதும் சப்ளையில் எழும்பி நின்று, சப்ளை போனால் விழுந்து ஹூட்டரை அடிக்க வைக்கும்படி இருக்கட்டும். ஹூட்டருக்கு பேட்டரி சப்ளை தனியாக வேண்டும். அறைக்கு வெளியே, கதவுப் பக்கமும் ஒரு விளக்கு அவசியம். உள்ளே போகப்போகிறவருக்குத்தானே அது முதலில் தெரிய வேண்டும்!

கேலிப்ரேஷன் நேரத்தில் அலாரம் அடிக்காமல் இருக்கப் போட்ட தடையை, அதாவது இன்ஹிபிட்டை, எடுக்க மறப்பது எனக்குத் தெரிந்த நல்ல டெக்னீஷியன்களுக்கும் நேர்ந்திருக்கிறது. நான் பேனல் சாவியிலேயே ஒரு சிவப்பு டேக் கட்டிக்கொள்கிறேன். இன்ஹிபிட் எடுக்காமல் அந்த டேக்கை அவிழ்ப்பதில்லை.

அந்த ஐஸ் ஃபேக்டரியில் ஜீரோ ஏர் கொடுத்து மறுபடி செட் செய்தேன். ஜீரோ ஏர் கொடுக்க சென்சார் மேல் மாட்டிய கேப்பைக் கழற்றியதும் டிஸ்ப்ளே மெல்ல ஏறி 14-இல் நின்றது. அம்மோனியா கசியும் இடத்தில் கந்தகப் புகை பட்டால் வெண்மையாகத் திரளும். அண்ணன் கந்தகத் திரியைப் பற்றவைத்து வால்வு வால்வாகக் காட்டிக்கொண்டு போனார். ரிசீவர் வால்வின் கிளாண்ட் பேக்கிங்கில் வெண்புகை திரண்டது.